படித்த புத்தகங்களும் எழுதப்படாத ஊரும்



அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். வரலாறு ஒன்று, நாவல் ஒன்று, தன்வரலாறு ஒன்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்றும் என்னை நம் தாம்பரம் வட்டாரத்துக்கே இழுத்து வந்தன. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் டோனி ஜோசப் எழுதிய 'ஆதி இந்தியர்கள்'. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய நம் மூதாதையர் ஏறத்தாழ 65,000 ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணுக்கு வந்த கதையை மரபணுச் சான்றுகளோடு சொல்கிறது. படிக்கும்போதே பல்லாவரம் நினைவுக்கு வந்துவிட்டது. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே செம்புறைச் சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது மனிதக் கை செதுக்கிய கருவி. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லில்தான் தொடங்கியது. அதே ஆண்டு அவர் அதிரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். அவ்வூர்க் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று பின்னாளில் கணித்தார்கள். தினமும் மின்சார ரயிலில் பல்லாவரத்தைக் கடக்கிறோமே, நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறோம்?

அடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் வந்த சிறிய நாவல். இரண்டு இரவில் முடித்துவிடலாம். ஆனால் அது நம்மை லேசில் விடாது. சினிமாவில் நடிக்க ஆசைப்பட்டு ஏமாந்த ஜமுனா, தங்கை சாயா, பக்கத்தில் வசிக்கும் டீச்சரம்மா. இவர்களின் துயரம் முழுவதும் குடத்தோடும் அடிபம்போடும் பின்னிக் கிடக்கிறது. செத்துவிடலாம் என்று துணிந்த ஜமுனாவுக்கு டீச்சரம்மா அறிவுரை சொல்லவில்லை. தான் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பக்கங்களை நான் மறுபடி மறுபடி படித்தேன். லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற எந்தப் பெண்ணும் இந்த நாவலைத் தன் கதை என்றே சொல்வாள்.

தண்ணீர் இல்லாத கதையை அசோகமித்திரன் எழுதிவிட்டார். தண்ணீர் வந்த கதையை யார் எழுதுவது? 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. கட்டில் மேல் கட்டில் போட்டு அரிசி மூட்டையைக் காப்பாற்றியவர்கள், பள்ளிச் சான்றிதழ்களைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மாடி ஏறியவர்கள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கிருபா ஜி ஒரு நூலே எழுதியிருக்கிறார். நாம் தமிழில் வீட்டுக்கு வீடு சொல்லி முடித்துவிட்டோம். சொன்னது காற்றோடு போய்விடும், ஐயா!

மூன்றாவது, உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்து நான்கு. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களை, தம்மைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிய சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததை, அந்நூலின் ஏடுகளோடு மல்லுக்கட்டியதை நேற்று நடந்ததுபோல் எழுதுகிறார். ஆனால் 1899ஐ ஒட்டிய நிகழ்ச்சிகளோடு நூல் நின்றுபோகிறது. 1942இல் அவர் மறைந்துவிட்டார். மிச்சம் நாற்பது ஆண்டுகளை அவர் வாயால் கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த அவையில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருக்கிறீர்கள். மீட்டர் கேஜ் ரயிலில் போனவர்கள், இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் நெல் விளைந்ததைப் பார்த்தவர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நடை அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை வேண்டாம். உங்கள் தெரு, உங்கள் ஏரி, அந்த டிசம்பர் இரவு, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். கை நடுங்கினால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டு வாருங்கள், இதே மேடையில் நின்று படிப்போம்.