முள்ளும் தயிரும்



காலில் முள் குத்தினால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது. வீங்குகிறது. சுடுகிறது. வலிக்கிறது. இதை மருத்துவர்கள் அழற்சி என்று சொல்கிறார்கள். முள் குத்தாத கால் இந்த ஊரில் இருக்காது. ஆனால் ஏன் வீங்குகிறது என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மெச்னிகாவ். 1845-ம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டில் பிறந்தவர்.

1882-ம் ஆண்டு அவர் இத்தாலி நாட்டில், மெசினா என்ற கடற்கரை ஊரில் இருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. நட்சத்திர மீனின் குஞ்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குஞ்சின் உடம்பு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியும்.

திடீரென்று ஒரு யோசனை வந்தது. தோட்டத்து ரோஜாச் செடியில் முள் பறித்தார். குஞ்சின் உடம்பில் செருகினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். உடம்பில் இருந்த சின்னஞ்சிறு அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் இப்படித்தான் கூடுகின்றன. நோய்க் கிருமிகளை விழுங்குகின்றன. வீக்கம் என்பது அந்தப் போரின் அடையாளம். இதற்காக அவருக்கு 1908-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. பால் எர்லிக் என்பவரும் அதில் பங்கு பெற்றார்.

பிறகு அவர் குடலைப் பற்றி ஆராய்ந்தார். பெருங்குடலில் உள்ள கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன, அதனால்தான் மனிதன் சீக்கிரம் கிழவனாகிறான் என்றார். பல்கேரியா நாட்டு உழவர்கள் தயிர் சாப்பிட்டு நெடுநாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். தாமும் தினமும் புளித்த பால் சாப்பிட்டார். நம் வீட்டு உறைமோரின் அருமையை அவர் பாரீஸ் நகரத்தில் இருந்து பேசினார்!

ஆனால் பெருங்குடலே வேண்டாத உறுப்பு என்றும் சொல்லிவிட்டார். அது தவறு. அந்தப் பேச்சை நம்பி, லண்டனில் லேன் என்ற மருத்துவர் மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலை வெட்டி எடுத்தார். சிலர் இறந்தே போனார்கள். பெரிய அறிஞர் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் கத்தியை எடுக்கலாமா?

இன்று தெரிந்தது வேறு. நம் உடம்பில் எத்தனை அணுக்கள் உண்டோ, ஏறக்குறைய அத்தனை கிருமிகளும் உண்டு. பெரும்பாலும் அவை குடலில் இருக்கின்றன. அவற்றில் பல நமக்கு நண்பர்கள். கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் உள்ள நாரை நம்மால் செரிக்க முடியாது. அந்தக் கிருமிகள் அதைத் தின்கின்றன. பதிலுக்கு ஒரு அமிலத்தைத் தருகின்றன. அது குடலின் உள்தோலுக்கு உணவாகிறது. வேண்டாத அழற்சியையும் அடக்குகிறது.

குழந்தைக்குச் சாதாரண வயிற்றுப்போக்கு வந்தால், பலர் கடையில் ஆன்டிபயாடிக் மருந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை. அது நல்ல கிருமிகளையும் கொல்லும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கலக்கிக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் இருந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அதில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. பிறகு எதற்கு இருக்கிறது? குழந்தையின் குடலில் புதிதாகக் குடியேறும் நல்ல கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு.