செவிவழிக் கல்வி



மேலைச் செவ்வியல் இசையில் இருபது ஆண்டுகள் பியானோ பயின்ற ஒருவர், நடுத்தர வயதில் ஜாஸ் கற்க வருகிறார் எனக் கொள்வோம். பாக், பீத்தோவன் ஆகியோரின் இசையை ஏட்டைக் கண்ட அளவில் வாசிக்க வல்லவர் அவர். ஆசிரியர் அவர்முன் ஒரு தாளை வைக்கிறார். அதில் மெட்டு மட்டுமே உண்டு. இடக்கைக்குரிய சுரங்கள் இல்லை. மெட்டின் மேலே டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்னும் குறியீடுகள் மட்டும். தேர்ந்த விரல்கள் அங்கே நின்றுவிடுகின்றன.

இது திறமைக் குறைவன்று. எழுதியதை எழுதியவாறே வாசித்துப் பழகியதன் விளைவு. இத்தனைக்கும் பாக்கும் மொசார்ட்டும் அவ்வப்போதே புனைந்து வாசிப்பதில் புகழ்பெற்றவர்கள்!

நல்லாசிரியர் சிறிதாகத் தொடங்குவார். இடக்கைக்கு இரண்டே சுரங்கள்: முதற்குறியீட்டிற்கு எஃப், சி. அடுத்ததற்கு சி மட்டும் பி ஆக இறங்கும். மூன்றாவதற்கு எஃப் மட்டும் ஈ ஆக இறங்கும். விரல்கள் ஏறத்தாழ நகர்வதேயில்லை. இதனை ஒரு மாலையில் கற்றுவிடலாம். தாளம்தான் அரியது. ஏட்டில் சமமாய் எழுதப்பட்ட இரு சுரங்களுள் முன்னதை நீட்டியும் பின்னதைக் குறுக்கியும் வாசித்தல் வேண்டும். எவ்வளவு என்பது வேகத்திற்கேற்ப மாறும். ஆகவே இசைத்தட்டைக் கேட்டு, வாயால் பாடி, பின்னரே விரலால் தேடச் சொல்வர். இருபது ஆண்டுகள் பிழையின்றி வாசித்தவர் பிறர்முன் தடுமாற நாணுவார். அந்த நாணமே பெருந்தடை.

இவ்விசையை உருவாக்கியோர் யாவர்? அடிமைப்படுத்தப்பட்டோரின் வழிவந்த அமெரிக்கக் கறுப்பின மக்கள். அவர்களுள் ஒருவர், 1910இல் பிறந்த மேரி லூ வில்லியம்ஸ். ஏட்டைப் பாராது வாசிக்க இயலாத தம் நிலை மகளுக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சி, அவருடைய தாயார் அவருக்கு இசையாசிரியரை அமர்த்தவில்லை. மகள் செவியாலேயே கற்றார். ஏட்டுக் கல்வி இசையைக் கெடுக்கும் என்பது நம் கருத்தன்று. பின்னாளில் மேரி லூவே பெரிய இசைக்குழுக்களுக்கு ஏட்டில் எழுதித் தந்தவர்தாமே!

1963 வரை இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர் எவரையும் சேர்க்காதிருந்தது டியூக் பல்கலைக்கழகம். 1977இல் அப்பல்கலைக்கழகமே அவரை அழைத்து ஆசிரியராக அமர்த்திற்று. 1981இல் மறையும்வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.