ஏறுகிற பங்கும் ஜூன் மாத ஃபீஸும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொமென்டம் முதலீட்டைப் பற்றிப் பேசும்படி செயலாளர் ஏன் சொன்னார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நம் கல்வி உதவி நிதி பேங்க் டெபாசிட்டில் தூங்குகிறது. ஒரு பகுதியை இந்த முறையில் போட்டால் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நான் மெக்கானிக்கல்காரன், பொருளாதாரம் படித்தவன் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு.

பிளஸ் டூவில் உந்தம் என்று படித்தோமே, பெயர் அங்கிருந்து வந்ததுதான். கடந்த ஆறு மாதமோ ஒரு வருஷமோ நன்றாக ஏறிய பங்கை வாங்கு, இறங்கியதை விற்றுவிடு, ஆறு மாதம் கழித்து மறுபடி பட்டியல் போடு. அவ்வளவுதான் சூத்திரம். "மலிவா இருக்கும்போது வாங்குப்பா" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கு நேர் எதிர்!

ஆனால் இது வெறும் புரோக்கர் பேச்சு இல்லை. ஜெகதீஷ், டிட்மன் என்ற இருவர் 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்க விலைகளை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் லாபம் கிடைத்திருக்கும் என்று 1993-இல் காட்டினார்கள். 1999-இல் ரூவன்ஹார்ஸ்ட் என்பவர் வளரும் நாடுகள் 20-இல் 1,705 கம்பெனிகளை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் இருந்தது, ஐரோப்பாவில் அவர் கண்டதைவிடக் குறைவாக. நல்ல செய்தி வந்தால் விலை ஒரே நாளில் முழுதாக ஏறிவிடுவதில்லை, ஆட்களுக்கு நம்பிக்கை வரவர ஏறுகிறது என்பது பலர் சொல்லும் காரணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சிக்கல் இனிமேல்தான். அந்த ஆராய்ச்சி லாபத்துக்கு இரண்டு கால்: ஏறியதை வாங்குவது, இறங்கியதைக் கடனாக வாங்கி விற்பது. நம் நாட்டில் கையில் இல்லாத பங்கை ரொக்கச் சந்தையில் விற்றால் அன்றைக்கே திருப்பி வாங்கியாக வேண்டும். பங்கைக் கடன் வாங்கும் வசதி 2008-லிருந்து உண்டு. ஆனால் சின்னக் கம்பெனிப் பங்கைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. ஆக, நமக்கு ஒற்றைக் கால்தான்.

அடுத்தது செலவு. ஒரு உதாரணம் போடுவோம். தனி ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறை முழுப் பட்டியலையும் மாற்றி 20 சதவீதம் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், நாலு தடவைக்கு 0.4. வியாபாரம் குறைந்த பங்கில் நாம் வாங்கப் போனாலே விலை நகரும். தடவைக்கு அரை சதவீதம் என்றால் 2 போயிற்று. மிஞ்சிய 17.6-இல் குறுகிய கால லாப வரி, 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம். கையில் நிற்பது 14. ஒன்றுமே செய்யாமல் ஒரு குறியீட்டு ஃபண்டில் தூங்கியவருக்கும் அதே 14 வந்திருந்தால், இத்தனை பாடும் எதற்கு சார்? மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் போனால் இந்த வரி ஓட்டை அடைபடுகிறது. உள்ளே எத்தனை முறை மாற்றினாலும், நாம் யூனிட்டை விற்கும்போதுதான் நமக்கு வரி.

2008-ஐ மறக்கக் கூடாது. ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. 2009 மார்ச் 9-இல் 8,160. 1,100 ரூபாய்க்கு மேல் போன டிஎல்எஃப் 200-க்குக் கீழே வந்தது. அப்போது பட்டியலில் மேலே நின்றவை அதிகம் விழாத சோப்பு, மருந்து வகையறா. மே 18, தேர்தல் முடிவுக்கு அடுத்த வியாபார நாள், சென்செக்ஸ் ஒரே நாளில் 17 சதவீதம் எகிறியது. துள்ளிக் குதித்தவை அடிபட்டுக் கிடந்த ரியல் எஸ்டேட் பங்குகள்தான். சூத்திரப்படி போனவர் கையில் சோப்பு! அமெரிக்காவிலும் அதே மார்ச் முதல் மே வரை தோற்ற பங்குகள் 163 சதவீதம் ஏறின, ஜெயித்தவை 8.

நம் பிள்ளைகளுக்கு ஃபீஸ் ஜூனில் கட்டியாக வேண்டும். மார்க்கெட் தேறும்வரை ஒரு பையனை வீட்டில் இருக்கச் சொல்ல முடியாது. ஆகவே என் ஓட்டு இதுதான்: மூன்று வருஷ ஃபீஸுக்கான பணம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் வருகிற புது நன்கொடையில் கால்வாசியை மொமென்டம் குறியீட்டு ஃபண்டில் போடலாம். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை என்பதால் பங்கை நேரடியாக வாங்கும் பேச்சு நமக்கு எப்படியும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நிஃப்டி 200 மொமென்டம் 30 குறியீடு வந்தது 2020 ஆகஸ்டில். 2005-லிருந்து விளம்பரத்தில் காட்டும் கோடு பின்னோக்கிப் போட்ட கணக்கு. தேசிய பங்குச் சந்தை தினமும் வெளியிடும் விலைப் பட்டியல்களை இறக்கி, நீங்களே சோதித்துப் பாருங்கள். மூடிப்போன, பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனிகளையும் சேர்க்க வேண்டும். உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணினால் எந்த முறையும் ஜெயிக்கும். லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளில்லாமல் நின்ற நாட்களில் "விற்றேன்" என்று எழுதிவிடாதீர்கள். ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்பவர்கள் சாப்பாட்டுக்கு முன் என்னைப் பார்க்கலாம்.