தொலைவழி ஆலோசனை: யாருக்கு நிறைவு, எதில் நிறைவு?

 

புற்றுநோய் மருத்துவத்தில் தொலைவழி ஆலோசனை குறித்த இக்கருத்தரங்குக்குத் திருச்சி பொருத்தமான ஊர். அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர் மக்கள் பெரிய நோய் என்றால் இங்கே வருகிறார்கள். இங்குள்ளவர்களில் பலர், 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறார்கள். ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை; துணைக்குச் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகை உண்டு. ஆனால் துணைக்குப் போகும் மகன் இழக்கும் கூலிக்கு எந்தச் சலுகையும் இல்லை. ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு, "அதே மாத்திரையைத் தொடருங்கள்" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்புவதற்காக அந்தக் கூலி போகிறது.

நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைவழி மருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. அடுத்த மாதம் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை வந்தது. அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெருந்தொற்று அடங்கிவிட்டது, வீடியோ அழைப்பு நின்றுவிடவில்லை. எனவே, அது யாருக்கு எவ்வளவு நிறைவு தருகிறது என்று கேட்க வேண்டிய காலம் இது.

பல நாட்டு ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படுவது இது: நோயாளிகள் பெரும்பாலும் நிறைவு என்கிறார்கள், மருத்துவர்களின் நிறைவு ஒரு படி குறைவாக இருக்கிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு செய்தி சொல்கின்றன.

முதலில் நோயாளியின் நிறைவு. தம் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே, "பரவாயில்லை டாக்டர், வசதியாத்தான் இருந்துச்சு" என்றுதான் நம் மக்கள் சொல்வார்கள். ஆகவே, சிகிச்சை தரும் மருத்துவரோ அவருடைய உதவியாளரோ 'நிறைவா' என்ற கேள்வியைக் கேட்கக் கூடாது. அழைப்பே கிடைக்காமல் போனவர்கள் கணக்கில் வருகிறார்களா என்றும் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் தனியே வாழும் முதிய தம்பதியின் ஆலோசனையில், வெளிநாட்டிலிருக்கும் மகளும் அதே திரையில் சேர்ந்துகொள்ள முடிகிறது. அது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். பச்சைமலையிலோ ஒரு தாய்க்குக் கிடைப்பது மகனின் செல்போன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைத்த' (கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற) பிறகும் உதிரப்போக்கு இருப்பதை அவர் எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

இனி மருத்துவரின் நிறைவின்மை. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. நாக்குப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவரின் நாக்கடியையும் கழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தால்தான் கட்டி திரும்பியிருப்பது தெரியும். கேமரா அதைச் சொல்லாது. மாறாக, கீமோவில் விரல் மரத்துப்போனதா என்று அறிய, சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டச் சொல்கிறோம். திரையிலேயே விடை கிடைக்கிறது. ஆனால் கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளை என்பதால், அங்கே ஆலோசனைக்கே இடமில்லை. உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்ல வேண்டும். வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் தேவை என்று தெரிந்தாலும் தொலைவழியில் எழுதித்தர நெறிமுறை அனுமதிப்பதில்லை. இத்தனையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற மருத்துவர் முழு நிறைவு அடையாதது அவருடைய பொறுப்புணர்வின் அடையாளம்.

என் கருத்து இதுதான்: நோயாளியின் நிறைவு எந்தப் பயணத்தைத் தவிர்க்கலாம் என்று காட்டுகிறது, மருத்துவரின் தயக்கம் எந்தப் பயணத்தைத் தவிர்க்கக் கூடாது என்று காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு செவிலியர் வேண்டும். நோயாளியின் அருகில் ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்து மருத்துவருடன் பேசும் முறைக்கு 2020 நெறிமுறைகளே இடம் தருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. கழுத்தைத் தொட்டுப் பார்க்கவும், காய்ச்சலை அளக்கவும், மகனைச் சற்று வெளியே போகச் சொல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்தால் இருபுறமும் நிறைவு கூடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆகவே, கட்டுரை படிக்கவிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நிறைவா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் புற்றுநோய், சிகிச்சையின் எந்தக் கட்டம், யாருடைய செல்போன், அருகில் யார் என்று பிரித்துக் கேளுங்கள். கருத்தரங்கு முடிவதற்குள் திரையில் பார்க்கத்தக்கவை, நேரில் மட்டுமே பார்க்க வேண்டியவை, செவிலியர் உடனிருக்க வேண்டியவை என மூன்று பட்டியல்களை நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு எழுதித் தருவோம். அந்தப் பணிக்கு உங்கள் அனைவரையும் அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.