இளைப்பாறியவர்கள்



பென்சன் எடுத்தவரை நாம் ‘இளைப்பாறியவர்’ என்கிறோம். சொல் என்னவோ இனிமையானதுதான். ஆனால் அதை அப்படியே நம்பிச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிட்டவர்கள் பலரை நான் அறிவேன். என் உறவினர் ஒருவர் முப்பதாண்டுகள் கந்தோரிலே கோப்புகளோடு வாழ்ந்தவர். ஓய்வு பெற்று இரண்டாண்டு கழியுமுன் படலைவரை நடக்கவும் பிறர் கை வேண்டியதாயிற்று. இன்ன நோயென்று வைத்தியர் எதையும் சொல்லவில்லை.

சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். ஏட்டுச்சுவடி தேடுவது அவருடைய உத்தியோகமன்று, விருப்பம். 1882இல் இளைப்பாறினார். கலித்தொகை 1887இலும் சூளாமணி 1889இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அந்த வயதில் செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்குவது லேசான காரியமா? ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வீரசோழியத்தை அவர் பதிப்பித்தது 1881இல். அதாவது உத்தியோகத்தில் இருக்கும்போதே. ஓய்வு வந்தபோது விருப்பம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது.

எல்லோரும் ஏடு தேட வேண்டுமென்பதில்லை. எங்களூரில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். படிப்பித்த காலத்திலேயே வீட்டு வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்தவர். எழுபதைத் தாண்டியும் பாத்தி கொத்துகிறார். எந்த விதை எத்தனையாம் நாள் முளைத்தது என்று கொப்பியில் குறித்தும் வைக்கிறார். இவ்வுரைக்காகச் சில விஷயங்கள் கேட்கலாமென்று சென்ற வாரம் போனேன்.

“நாற்று வாடுது தம்பி, பிறகு கதைப்பம்” என்று கிணற்றடிக்குப் போய்விட்டார்.