சைக்கிள் ஊர்வலமும் ஊர்ச் சாலையும்

(சித்தேரியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

இவ்வூரில் சைக்கிள் ஊர்வலம் ஒன்று நடத்தவேண்டும் என்று இளைஞர்கள் விரும்புகின்றனர். அதனால் விளையும் பயன் யாது என்று பெரியவர்கள் வினவுகின்றனர். இரு சாராரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொடி பிடித்து, மணி அடித்து, ஒரு காலைப் பொழுதைக் கழித்துவிட்டுக் கலைந்து போவதாயின், அது ஒரு வேடிக்கையாகவே முடியும். ஆனால் முன்யோசனையோடு நடத்தப்பெறும் ஊர்வலம் ஓர் ஊரின் சாலையையே திருத்தக் கூடியது. அதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

புதுக்கோட்டை காட்டிய வழி

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறியாத மக்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்கும் பெண் தன் ஊரை விட்டு வெளியே செல்லவும் வழி இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே, எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதும் பாடத்தில் சேர்ந்தது. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்குமாறு வங்கிகள் தூண்டப்பட்டன. முத்துபாஸ்கரன் என்னும் அறிவொளித் தொண்டர் இயற்றிய சைக்கிள் பாடல் ஊர்தோறும் ஒலித்தது.

வயலில் வேலை செய்வோர், கல்லுடைப்போர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பல திறத்துப் பெண்களும் சைக்கிள் பழகினர். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளையே ஓட்டினர். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. தொடக்கத்தில் ஏளனப் பேச்சுக்கு அவர்கள் இலக்காயினர். ஆயினும் பின்வாங்கவில்லை. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் தினத்தை ஒட்டி, 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் தம் சைக்கிள் திறனைக் காட்டினர் என்று பத்திரிகையாளர் திரு. பி. சாய்நாத் எழுதியுள்ளார். சுமார் ஒன்றரை ஆண்டுக் காலத்தில் சைக்கிள் பழகியோர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது என்பதும் அவர் தரும் கணக்கே.

அங்கே நேர்ந்த மாறுதலை எண்ணிப் பாருங்கள். பேருந்துக்காகக் காத்து நின்ற நேரம் மிச்சமாயிற்று. விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்க முடிந்தது. தண்ணீர் சுமப்பதும் பிள்ளைகளை அழைத்துச் செல்வதும் எளிதாயின. தந்தையோ சகோதரனோ கணவனோ வந்து அழைத்துச் செல்லவேண்டும் என்னும் நிலை தளர்ந்தது. பலர் கூடி ஓட்டியதால்தான் இது சாத்தியமாயிற்று. தனியாக ஒரு பெண் ஓட்டினால் ஊர் பேசும். ஆயிரம் பெண்கள் ஓட்டினால் ஊர் வழி விடும். ஊர்வலத்தின் முதற் பயன் இதுவே.

அதன் பின்னர் நம் அரசினர் பள்ளி மாணவர்க்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கினர். 2001-2002ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர் யாவர்க்கும் விரிந்தது. பீகார் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளி மாணவியர்க்குச் சைக்கிள் கொடுத்தபோது, பள்ளியில் சேரும் பெண்களின் தொகை கணிசமாக உயர்ந்தது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். தொலைவிலுள்ள பள்ளிக்கு எட்டாம் வகுப்போடு முழுக்குப் போடும் பெண்ணுக்குச் சைக்கிள் ஒரு வரம் என்பதில் ஐயமில்லை.

சைக்கிள் இருந்தால் போதுமா?

ஆனால் சைக்கிள் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. அது ஓடுவதற்கு அச்சமற்ற சாலை வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கிராமச் சாலையில் மாட்டு வண்டியும் சைக்கிளுமே மிகுதி. இன்று அதே அகலச் சாலையில் மோட்டார் சைக்கிள், கார், லாரி, டிராக்டர் யாவும் விரைகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. உலகில் சாலை விபத்தில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் நடப்போரும், சைக்கிளில் செல்வோரும், மோட்டார் சைக்கிளில் செல்வோருமே ஆவர். உடலைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாதவர்களே பெரும்பாலும் பலியாகின்றனர்.

இதற்குத் தலையாய காரணம் வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. குறுக்கே குழந்தையைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைக்கும் முன்பே அவ்வளவு தூரம் கடந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகமாயின் அத்தூரம் பாதியே. பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கும் தூரமோ, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். ஆகவே பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை ஆகியவற்றின் முன் வேகத்தைப் பாதியாகக் குறைப்பதே உயிர் காக்கும் வழி.

இன்று சைக்கிளுக்குப் பேர் போன நாடு ஹாலந்து. அந்நாடும் முதலிலிருந்தே இவ்வாறு இருந்ததில்லை. 1971ஆம் ஆண்டில் அங்கே சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் கொதித்தெழுந்தனர். குழந்தைகளோடு சைக்கிளில் ஊர்வலம் சென்றனர். விளையாடுவதற்காகத் தெருக்களை அடைத்தனர். அதன் பயனாக அரசும் நகராட்சிகளும் குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் குறைத்தன. சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைத்தன. அங்கு சட்டம் பிறப்பதற்கு முன்னர் மக்கள் சாலையில் இறங்கினர் என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

நம் மலைக்கு ஏற்ற முறை

சமவெளியில் செய்ததை அப்படியே மலையில் செய்ய இயலாது. சித்தேரி மலையில் ஏற்றமும் இறக்கமும் வளைவும் மிகுதி. அரூர்ப் பக்கத்திலிருந்து மலைப்பாதை நெடுகச் சைக்கிளில் ஏறவேண்டும் என்று எவரையும் நான் வற்புறுத்த மாட்டேன். ஊருக்குள்ளும், அருகருகே உள்ள சிற்றூர்களுக்கிடையிலும், ஓரளவு சமமான பாதையில் ஊர்வலத்தை நடத்துங்கள். சைக்கிள் இல்லாதோர் நடந்து வரட்டும். சாமை மூட்டையைச் சுமந்து செல்லும் விவசாயியும், பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளையும், சந்தைக்குச் செல்லும் பாட்டியும் அதே சாலையைப் பயன்படுத்துவோர்தாம். அவர்கள் இல்லாத ஊர்வலம் பாதி ஊர்வலமே.

புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு சைக்கிளின் இரண்டு பிரேக்கும், டயரும், மணியும் சோதிக்கப்பட வேண்டும். பின்புறத்தில் ஒளி திருப்பும் சிவப்புத் தாள் ஒட்டவேண்டும். இறக்கத்தில் வரிசையாக, இடைவெளி விட்டு இறங்கவேண்டும். செங்குத்தான வளைவில் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. மலைப்பாதையில் மேலேறி வரும் வண்டிக்குக் கீழிறங்கும் வண்டி வழி விடவேண்டும் என்னும் விதியைச் சிறுவர்க்கும் கற்பியுங்கள். காவல் நிலையத்திற்கு முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஊர்வலத்தில் ஐவர் கையில் நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டும். அவர்களுள் இருவரேனும் பெண்களாய் இருத்தல் நலம். எந்த வளைவில் புதர் மறைக்கிறது, எங்கே பள்ளம், எங்கே மழைநீர் சாலையை அறுக்கிறது, எந்த இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை, எந்தச் சிற்றூர்ப் பாதை பிரதான சாலையைச் சேராமல் நின்றுவிடுகிறது என்பவற்றை இடம் குறித்து எழுதவேண்டும். மாலையில் அதைப் படித்துப் பட்டியல் தயாரிக்கவேண்டும். அப்பட்டியலே ஊர்வலத்தின் விளைச்சல்.

பட்டியலை என் செய்வது?

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, நாமே செய்யக்கூடியவை. புதர் வெட்டுதல், வடிகால் தூர் எடுத்தல், வளைவுக் கற்களுக்கு வெள்ளை அடித்தல் ஆகியவற்றிற்கு எவர் உத்தரவும் வேண்டுவதில்லை. இரண்டாவது, ஊராட்சியும் ஒன்றியமும் செய்யவேண்டியவை. மூன்றாவது, நெடுஞ்சாலைத் துறையோ வனத்துறையோ செய்யவேண்டியவை. சாலை எவருடையது என்று தெரியாமல் எழுதும் மனு மேசைக்கு மேசை அலையும். ஆகையால் ஒவ்வொரு குறைக்கும் எதிரே துறையின் பெயரைக் குறித்துவிடுங்கள்.

வேகத்தடை கேட்போர்க்கு ஒரு சொல். ஆளுக்கொரு மண்மேடு கட்டினால், அதுவே இரவில் வருவோரை வீழ்த்தும். இந்தியச் சாலைக் குழுமத்தின் அளவுப்படி, வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். வர்ணக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் அதனோடு சேர்ந்தவை.

வனத்தின் ஊடே செல்லும் பாதைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். காட்டு நிலம் என்றவுடன் சாலை அமைக்கவே இயலாது என்று பலர் மனம் தளர்ந்துவிடுகின்றனர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவு, பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை முதலான பொது வசதிகளுக்காக வன நிலத்தைப் பயன்படுத்த வழி செய்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கவேண்டும். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75க்கு மேற்படலாகாது. கிராம சபை பரிந்துரைக்கவேண்டும். மூன்று மீட்டர் அகலப் பாதையாயின், ஒரு ஹெக்டேர் என்பது மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளமாகும். பிரிந்து கிடக்கும் ஒரு சிற்றூரை இணைக்க இது பல இடங்களில் போதுமானது. இதன் திறவுகோல் உங்கள் கிராம சபையின் கையில் இருக்கிறது, அதை உபயோகியுங்கள்.

சாலை இல்லாத மலைக் குக்கிராமத்தில் பிரசவ வேதனை கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தோளில் சுமந்து வரவேண்டியுள்ளது. 108 வண்டி நிற்கும் இடத்திற்கும் அவள் வீட்டிற்கும் உள்ள தூரமே அவள் உயிருக்கும் உள்ள தூரம். அதே சமயம், சாலை வந்த பின் அதில் விரைந்து வரும் வண்டி அவள் பிள்ளையை வீழ்த்துமானால், நாம் ஒரு துன்பத்தை நீக்கி மற்றொன்றைக் கொணர்ந்தவர்கள் ஆவோம். ஆகவே இணைப்பையும் பாதுகாப்பையும் ஒருங்கே கேட்கவேண்டும்.

விபத்து நேர்ந்த இடத்தில் உதவி செய்யத் தயங்காதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்கு 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பெயர் சொல்லுமாறு அவர்களை எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

நம் மாநிலத்தில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அடுத்து வரும் கிராம சபைக்கு இரு வாரம் முன்னதாக ஊர்வலத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பட்டியலைச் செம்மையாக்க அவகாசம் கிடைக்கும். ஓட்டியவர்கள் எல்லாரும் சபைக்கு வரவேண்டும். பட்டியலை ஒரு மாணவி எழுந்து படிக்கட்டும். தீர்மானம் எழுதப்பெற்று, படிக்கப்பெற்று, கையொப்பம் இடப்படும் வரை எவரும் எழுந்து செல்லலாகாது. தீர்மானத்தின் நகலை மறவாமல் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே பாதையில் மறுபடியும் சைக்கிளில் செல்லுங்கள். எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்று அதே நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். நிறைவேறாதவற்றிற்கு விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளக்கம் சொல்ல என் போன்ற அலுவலர்களுக்குக் கடமை உண்டு.