உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் மாதம்

புதிய ஊரில் குடியேறியவனுக்கு முதல் சில வாரங்களில் உண்டாகும் கூச்சம் எத்தகையது என்பதை வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஹைதராபாத்துக்கு வந்து இறங்கிய நாளில், பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாமல் விழித்து நின்றோம். காய்கறிக் கடையில் கத்தரிக்காயைச் சுட்டிக் காட்டி, விரல்களால் விலை பேசினோம். நம் தெலுங்கைக் கேட்டு ஊரே நகைக்கும் என்று அஞ்சினோம். ஊர் நகைக்கவில்லை, அதற்கு அதன் வேலை இருந்தது. சில மாதங்களுக்குள் அதே கடையில் பேரம் பேசவும் கற்றுக்கொண்டோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அதே கூச்சத்தின் மற்றொரு வடிவம். 'ஜிம்' என்று இக்காலத்தில் வழங்கும் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் நம்மைத் தடுத்து நிறுத்துகிற கூச்சம் அது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இரும்புத் தட்டுகள் ஓசையிடுகின்றன. திரண்ட தோள்களையுடைய இளைஞர்கள் உலவுகின்றனர். பெயர் தெரியாத இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. தொந்தியும் தளர்ந்த முழங்காலுமாக நாம் உள்ளே நுழைந்தால் எல்லாக் கண்களும் நம்மீதே பாயும் என்று தோன்றுகிறது. ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்திவிட்டு, மூன்று நாள் சென்று, நான்காம் நாள் மழையென்றும் ஐந்தாம் நாள் வேலையென்றும் காரணம் கூறி, பின்னர் அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தவர்கள் நம்மில் பலர். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்ததுண்டு.

கூச்சம் சிறிய விஷயந்தானே என்று அதனை ஒதுக்கிவிட இயலாது. மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் பணிபுரிவோர் நாற்காலியிலேயே பகலைக் கழிக்கின்றனர். சிகந்தராபாத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவருள் ஓய்வு பெற்றோரும் பலர் உளர். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று, நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்று கணக்கிட்டது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசையே. உழைக்கும் தசை அதனை நன்றாக ஏற்கிறது; உறங்கும் தசை ஏற்பதில்லை. வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உழைப்பும், அதனோடு இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டுமென்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. மாலை நடை மட்டும் போதாது என்பது இதன் பொருள். உற்றாரும் உறவினரும் தொலைவில் இருக்க, வேற்றூரில் வாழும் நமக்கு உடல்நலம் என்பது அவசியமான கைம்முதல்.

இனி, கூச்சத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு இரண்டு வேர்கள் உண்டு. பிறர் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் ஒன்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளநூலார் இதனைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு மாணவனுக்கு, அணியவே வெட்கப்படத்தக்க படம் பொறித்த சட்டையை அணிவித்து, மற்ற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினர். அறையில் இருந்தோரில் பாதிப் பேர் அப்படத்தைக் கவனித்திருப்பர் என்று அவன் எண்ணினான். உண்மையில் கவனித்தவர்கள் அதில் பாதிப் பேரே, அதாவது நால்வரில் ஒருவர். இவ்வாறு பலரைச் சோதித்தும் முடிவு இதுவே ஆயிற்று. பயிற்சிக் கூடத்திலோ சுவரெங்கும் கண்ணாடி. ஒவ்வொருவரும் தம் உருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இரண்டாம் வேர் இதைவிட ஆழமானது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமைதான் அது. பழைய ஹைதராபாத்தில் 'தாலீம்' என்ற மல்லர் கூடங்கள் புகழ் பெற்றவை. நம் கிராமத்துச் சிலம்பக் கூடத்தைப் போலவே அங்கும் புதிதாக வந்தவனை எவரும் தனியே விடுவதில்லை. உஸ்தாத் அவனை ஏற இறங்கப் பார்த்து, இத்தனை தண்டால், இத்தனை பஸ்கி என்று எண்ணிக்கை வகுத்துக் கொடுப்பார். கொடுத்த எண்ணிக்கையை முடிப்பதிலேயே அவன் கருத்துச் செல்லும். வெட்கப்பட அவனுக்கு நேரமிராது. இன்றைய கூடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு, முப்பது இயந்திரங்களுக்கு நடுவே நம்மை விட்டுவிடுகிறது. ஆகவே, அக்காலத்தில் உஸ்தாதின் வாயில் இருந்த திட்டத்தை இக்காலத்தில் நாம் ஒரு சிறு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. கையில் வேலை உடையவனைக் கூச்சம் நெடுநேரம் பற்றியிருப்பதில்லை.

எடை தூக்குவது பலசாலிகளுக்குரியது என்றொரு எண்ணமும் நம்மிடையே உண்டு. பத்துப் பத்து முறையாக, பல சுற்றுகளில் எடை தூக்கும் முறையைப் பெரிதும் பரப்பியவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று, முழங்கால் வலுவிழந்து மருத்துவமனையில் கிடந்த வீரர்களுக்காகவே அவர் அதனை வகுத்தார். 1945இல் முதன்முதலாக அதுபற்றி எழுதினார். இன்று கட்டுடல் இளைஞர்கள் பின்பற்றும் அந்த முறை, நடக்கத் தடுமாறியவர்களின் கட்டிலருகே பிறந்தது. பலவீனர்களாகிய நமக்கு அக்கூடத்தில் முதல் உரிமையே உண்டு எனலாம்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டு நோய் ஆகியவை உடையோரும், நெடுங்காலம் உழைப்பின்றி இருந்த முதியோரும் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உதவுவதற்குச் சிறிது இனிப்பைக் கையோடு எடுத்துச்செல்வது நலம். கூடம் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அருகில் இருக்கட்டும். இந்நகரின் போக்குவரத்து நெரிசலில் தொலைவு என்பதே நல்லதொரு சாக்காகிவிடும். ஓராண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகைக்கு மயங்காமல் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் செலுத்துக. சேருமுன் ஒரு நாள் சென்று, எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சுற்றிப் பார்த்து வருக. காலை ஆறு முதல் எட்டு வரையிலும் மாலை ஆறுக்கு மேலும் கூட்டம் மிகும். இயன்றவர்கள் முற்பகலையோ பிற்பகலையோ தெரிந்துகொள்ளலாம்.

மொழி பற்றிய அச்சம் வேண்டா. "இதி எலா செய்யாலண்டி?" என்று கேட்டால், இதை எப்படிச் செய்வது என்று கேட்டதாகும். ஒருவர் ஒரு கருவியில் அமர்ந்திருக்கையில் "அயிபோயிந்தா அண்டி?" என்றால், முடித்துவிட்டீர்களா என்று பொருள். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரு புன்முறுவலும் முதல் மாதத்துக்குப் போதும்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாட்கள். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடத்துக்கு மேற்படாமல். முதல் எட்டு நிமிடம் 'டிரெட்மில்' என்னும் நடைப் பொறியில் மெல்லத் தொடங்கி விரைந்து நடந்து உடலைச் சூடாக்குக. பின்னர் ஐந்தே பயிற்சிகள். முதலாவது பஸ்கி: சிறிய டம்பெல் ஒன்றை மார்போடு அணைத்து, நாற்காலியில் அமர்வதுபோல் இறங்கி எழுதல். இரண்டாவது தண்டால்: தரையில் இயலாதார் உயரமான பெஞ்சில் கையூன்றிச் செய்யலாம். மூன்றாவது இழுத்தல்: அமர்ந்தபடி கம்பி வடத்தை வயிற்றை நோக்கி இழுக்கும் கருவி பெரும்பாலான கூடங்களில் உண்டு. நான்காவது குனிந்து நிமிர்தல்: இரு கைகளிலும் டம்பெல் பிடித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பில் மடிந்து முழங்காலளவு இறக்கி நிமிர வேண்டும். குடத்தைத் தூக்கும்போது முதுகைக் காக்கும் கலை இதுவே. ஐந்தாவது 'பிளாங்க்': முழங்கைகளை ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக நிறுத்தி 20 விநாடி இருத்தல்.

முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றையும் பத்து முறையாக இரண்டு சுற்றுகளும், அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று சுற்றுகளும் செய்க. பலகை நிலைக்கு எண்ணிக்கை இல்லை. சுற்றுக்கு ஒரு முறை போதும். சுற்றுகளுக்கு இடையே ஒன்றரை நிமிடம் இளைப்பாறலாம். எவ்வளவு எடை என்று கேட்பீர்கள். பத்தாவது முறை முடிந்ததும், இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்று தோன்றும் எடையே சரியான எடை. தூக்கும்போது மூச்சை விடுக. இறக்கும்போது மூச்சை இழுக்க. அடக்கி வைத்தல் ஆகாது. எல்லாச் சுற்றுகளிலும் பன்னிரண்டு முறை எளிதாக வருவது இரண்டு நாட்கள் தொடர்ந்தால், இருப்பதிலேயே சிறிய அளவு எடையைக் கூட்டுக. அடுத்தவர் தூக்கும் எடையைப் பார்த்து நம் எடையைக் கூட்டுவது, அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கினார் என்று நாமும் வாங்குவதைப் போன்றது.

முதல் பயிற்சிக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் தசைகள் வலிக்கும். மாடிப்படி இறங்குவது கடினமாக இருக்கும். இது இயல்பானது, தானே தணியும். ஆனால் மூட்டில் சுரீரென்று குத்தும் வலியோ, மார்பில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

ஒரு மாதமாகியும் கண்ணாடியில் மாறுதல் தெரியவில்லையே என்று மனம் தளர வேண்டா. முதல் சில வாரங்களில் பலம் கூடுவதற்குப் பெருங்காரணம் தசை பருப்பதன்று. இருக்கின்ற தசையை ஒருங்கே ஏவுவதற்கு மூளையும் நரம்புகளும் பழகுவதேயாகும். அந்த முன்னேற்றத்தைக் கண்ணாடி காட்டாது; குறிப்பேடு காட்டும். ஆதலால் தேதியையும் எடையையும் எண்ணிக்கையையும் அன்றன்றே எழுதி வருக. ஐந்து கிலோவோடு தொடங்கியவர் எட்டுக் கிலோவை எழுதும் நாளில் அடையும் மகிழ்ச்சிக்கு வேறு சான்று தேவையில்லை.

பெண்களுக்கு இக்கூச்சம் இருமடங்கு என்பதை நாம் அறிவோம். எடை தூக்கினால் உடல் ஆணுடல்போல் ஆகிவிடும் என்ற அச்சமும் அதனோடு சேர்கிறது; அதற்கு ஆதாரமில்லை. வயது முதிர எலும்பு மெலியும் இயல்பு பெண்களிடம் மிகுதி. எலும்பைத் திடமாக வைத்திருக்க எடைப் பயிற்சி துணை செய்கிறது. ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி கர்ணம் மல்லேசுவரி, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். 2000ஆம் ஆண்டில் சிட்னியில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். அத்தகையவரும் ஒரு நாள் வெறும் கம்பியோடு தொடங்கியவரே.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கூடத்தின் மேசைமேல் அடுக்கியிருக்கும் புரதப் பொடி டப்பாக்களைக் கண்டு, இது இல்லாமல் பயனில்லையோ என்று புதியவர் மயங்குவர். தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து இங்கு குடியேறியது. 1918இல் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்கு வந்தது. 2024இல் அது வெளியிட்ட உணவு நெறிகள், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டா என்றே அறிவுறுத்துகின்றன. பருப்பு, சுண்டல், தயிர், பால், முட்டை, மீன் இவற்றில் நமக்கு ஒத்ததை நாள்தோறும் போதிய அளவு உண்டால் தொடக்கக்காரருக்குப் போதுமானது.

இவ்வளவும் செய்தும் இடையில் ஒரு நாள் தவறும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரமே தவறும். தவறிய நாளை ஈடுசெய்ய மறுநாள் இருமடங்கு உழைக்க வேண்டா. விட்ட இடத்திலிருந்து, சற்றே எடையைக் குறைத்துத் தொடங்கினால் போதும். மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் என்பது கணக்கு. அவற்றுள் ஒன்பதோ பத்தோ சென்றிருந்தாலும் அம்மாதம் நல்ல மாதமே. திட்டம் முறிவது ஒரு நாள் செல்லாததனால் அன்று. செல்லாத அந்த ஒரு நாளுக்காக வெட்கி, மறுநாளும் செல்லாமல் இருப்பதனால்தான்.

கடைக்காரரிடம் தயங்கித் தயங்கிப் பேசிய தெலுங்கு இன்று நம் நாவில் தடையின்றி வருகிறது. அது வந்த நாள் எதுவென்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. பயிற்சிக் கூடமும் அவ்வாறே ஒரு நாள் நமக்குச் சொந்த இடமாகிவிடும். அந்நாளில் புதியவர் ஒருவர், நாம் அன்று நின்றதைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு, இழுக்கும் கருவியின் அருகே நிற்பார். "இதி எலா செய்யாலண்டி?" என்று மெல்லக் கேட்பார். குறிப்பேட்டைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு அதனைச் செய்து காட்டுவோம்.